பத்துக்காம்பராவில் வாழ்வது

மகளே மலர்விழி,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது மடலின் முறை. கேட்டால் நீ நலம் என்று எழுதுவாய்; நானும் நலம் என்று எழுதுவேன்; ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பியதாகக் காட்டிக்கொள்வோம். ஆகவே அதை விட்டுவிட்டு நீ கேட்ட கேள்விக்கே வருகிறேன். பீலிக்கரைப் பாறையில் நீ கண்டெடுத்த சிறு செடிக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான இலத்தீன் பெயர் சூட்டும் வேளை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். குலப்பெயருக்குப் பின்னால் அது வாழும் இடத்தின் பெயரைச் சேர்க்க விரும்புகிறாய். அந்த இடத்தின் பெயராகச் 'செந்தமிழ்க்குன்று' என்பதை எழுதிவிடலாமா என்று கேட்கிறாய். அடியில், சற்று நெருக்கமான எழுத்தில், அது பொருந்தாதென்றால் அம்மாவின் பெயரையே வைத்துவிடுகிறேன் என்று இன்னொரு வரி. அச்சேறிவிட்டால் பிறகு ஒருவராலும் மாற்ற முடியாது, பிழையானாலும் பிழையாகவே நிற்கும், இந்தத் திங்கள் முடிவதற்குள் சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறாய்.

இரண்டும் வேண்டாம் என்பதே என் மறுமொழி. அதை ஒரு வரியில் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஏன் என்று கேட்பாய். அதற்கு எனக்கு இத்தனை பக்கங்கள் வேண்டும். இம்மடலை உறைக்குள் இட்டு ஒட்டாமல் நம் பக்கத்துத் திங்களிதழுக்கும் ஒரு படி கொடுக்கிறேன். அந்தப் பெயர் நம் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அங்கே வாழ்ந்தவர்களில் எஞ்சியவர்கள் இன்று அப்புத்தளையிலும் பூனாகலையிலும் மொனராகலையிலுமாகச் சிதறிவிட்டார்கள். நான் சொல்வதில் பிழையிருந்தால் அவர்கள் திருத்தட்டும்.

அறியாமல் இதைப் படிப்பவர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் மலைநாட்டில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேற்பிரிவு. வீதியோரத்தில் நான் தமிழ் கற்பித்த பள்ளி. அதை ஒட்டி நம் சிறு வீடு. வீட்டுக்கு எதிரே ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அப்பால், மலைச்சரிவில், வரிசையாக ஒரே கூரையின் கீழ்க் கட்டப்பட்ட பழைய லயம். லயத்துக்குப் பின்னால் ஒரு கரும்பாறை. பாறையிலிருந்து கசியும் ஊற்றைத் தகரக் குழாய் வழியே விழவிட்ட பீலி. குளிப்பதும் துவைப்பதும் குடிநீர் எடுப்பதும் அந்தப் பீலியில்தான். தோட்டத்துக்கு வரைபடத்தில் உள்ள பெயர், அதை முதலில் வெட்டித் திருத்திய வெள்ளைத் துரை தன் சொந்த ஊரை நினைத்து வைத்தது. அவன் ஊரில் அந்தப் பெயருக்கு என்ன பொருளோ, நம்மில் ஒருவருக்கும் தெரியாது. மக்கள் தங்கள் லயத்தைப் பத்துக்காம்பரா என்றார்கள். பத்து அறைகள் இருந்ததால் பத்துக்காம்பரா. பின்னாளில் பக்கவாட்டில் தகரமும் பலகையும் சேர்த்து எத்தனையோ அறைகள் முளைத்தன. பெயர் பத்திலேயே நின்றது.

மூன்றாவது பெயர் நான் வைத்தது. காம்பரா என்ற சொல் போர்த்துக்கேயர் நம் கரையில் விட்டுச் சென்ற சொல் என்பதை இளமையிலேயே படித்திருந்தேன். லயம் ஆங்கிலத்து லைன் என்பதிலிருந்து வந்தது. நம்மைக் கட்டி வைத்த கூரைக்கும் அந்நியன் பெயர், அந்தக் கூரையின் கீழுள்ள அறைக்கும் அந்நியன் பெயரா என்று பண்டாரவளையில் ஒரு பொங்கல் மேடையில் நான் முழங்கியதை மக்கள் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். அறையைக் காம்பரா என்னாதீர். லயத்தைத் தொடர்மனை என்பீர். இக்குன்றைச் செந்தமிழ்க்குன்று என்பீர் என்றேன். கைதட்டினார்கள். இளைஞர்கள் திரண்டு வீதித் திருப்பத்தில் சிமெந்தால் ஒரு நுழைவு வளைவு எழுப்பினார்கள். நான் சொன்ன பெயரைப் புடைப்பெழுத்தில் பொறித்துச் சிவப்பு வண்ணம் பூசினார்கள். வளைவைத் திறந்துவைத்த மாலையே, உன் பெரியம்மாவின் கணவர், அந்த லயத்திலேயே குடியிருந்த என் சகலை செல்லையா, அதன் கீழ் நின்று பேருந்து நடத்துநரிடம் பத்துக்காம்பரா முடக்கில் இறக்கிவிடச் சொன்னார். நான் பார்ப்பதைக் கண்டதும், "தொடர்மனையில தண்ணி வரல மாஸ்டர், அதான் நாக்கு காஞ்சு பழைய பேரு வந்துருச்சு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு தொடர்மனை என்ற சொல் அந்தச் சிரிப்புக்கு மட்டும் பயன்பட்டது.

நம் வீட்டிலும் அப்படித்தான். நீ காம்பரா என்றால் அறை என்று திருத்துவேன். நீ திருத்திச் சொல்வாய். உன் அம்மாவைத் திருத்த முடியவில்லை. நான் வேண்டாம் என்ற சொற்களை அவள் என் காதுபடவே தேர்ந்தெடுத்துச் சொல்வாள். நீ பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறாய் என்று அயலவர் கேட்டபோது நான் நிலைத்திணையியல் என்றேன். அவர்கள் உன் அம்மாவைப் பார்த்தார்கள். "பொட்டனி" என்றாள் அவள். "பூ, புல்லு, செடி. மாஸ்டர் சொல்றது அதோட பட்டப்பேரு."

முதல் விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது முற்றத்தில் பூத்திருந்த தும்பையைக் காட்டி அதன் இலத்தீன் பெயரைச் சொன்னாயே, அது நினைவிருக்கிறதா? முன்பாதிக்கு வெண்மை என்பது வேர்ப்பொருள். பின்பாதி செய்லானிக்கா, இலங்கையைச் சேர்ந்தது என்று பொருள். இந்தத் தீவிலிருந்து கொண்டுபோன செடிகள் பலவற்றுக்கு மேனாட்டார் அப்படித்தான் ஊர்ப்பெயர் சேர்த்தார்கள் என்று விளக்கினாய். உன் அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்.

"தும்பைக்குச் சிலோன் பேரு போட்டுட்டாங்களா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா ஆயுசு பூரா இந்த மலையிலதான் கொழுந்தெடுத்து, கவ்வாத்து வெட்டி, இங்கயே செத்தாரு. அவருக்குக் கடைசி வரைக்கும் போடல."

நாடற்றவர் என்ற சொல்லோடு அவள் தந்தை இறந்ததையும், இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி அவள் அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறியதையும் மூவரும் அறிவோம். பிறகு அவளே, அப்படியென்றால் தேயிலைக்கு எந்த ஊர் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். சினென்சிசு, சீனத்தைச் சேர்ந்தது என்றாய். "அப்ப அவதான் வெளியூர்க்காரி. அவள ஏன் யாரும் கப்பலேத்தல?" என்று கேட்டுவிட்டு அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள்.

அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டுதான் நான் அடுத்த பல ஆண்டுகள் மேடையேறினேன். தும்பைக்குக் கொடுத்த குடியுரிமையைத் தொழிலாளிக்குக் கொடுக்க மறுத்த நாடே என்று தொடங்கி, தேயிலையைச் சீனத்துக்குத் திருப்பி அனுப்புவீரா என்று முடிப்பேன். ஒருமுறை அப்புத்தளைக் கூட்டத்தில் உன் அம்மாவும் பின்வரிசையில் இருந்தாள். திரும்பி வரும் பேருந்தில், "நான் சொன்னா அரிசியில கல்லு. நீங்க சொன்னா கைதட்டு" என்றாள். சினந்து சொல்லவில்லை. சன்னலோரம் சாய்ந்து உறங்கிவிட்டாள்.

உன் செடிக்கு வருகிறேன். பீலிப் பாறையின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வெளிறிய ஊதா நிறத்தில் பூக்கும் அந்தச் செடியை அங்குள்ள பெண்கள் எவரும் தனியே பார்த்ததில்லை. துவைக்கும் சவர்க்காரத்தை வைக்க இடம் தேடும்போது ஒதுக்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அதன் காயைத் தெரியும். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். காசித்தும்பையின் குலம் என்று கண்டுகொண்ட நீ, பீலிக்கரையில் முழங்கால் நனைய உட்கார்ந்து படம் வரைந்தாய். வேறெங்கும் பதிவாகாத செடி என்று உறுதியாக உனக்கு மூன்று விடுமுறைகள் பிடித்தன. அந்தக் குலத்துக்கு இலத்தீனில் இம்பேசியன்சு என்று பெயர், பொறுமையற்றது என்று பொருள், தொட்டவுடன் வெடிப்பதால் அப்படி வைத்தார்கள் என்று நீ சொன்னபோது உன் அம்மா மிகவும் மகிழ்ந்தாள். துவைக்கப் போகும்போதெல்லாம் ஒரு காயைத் தொட்டு வெடிக்கவிட்டு, "பொறும, பொறும" என்று அதற்கு அறிவுரை சொன்னதாகப் பெரியம்மா வந்து சொன்னார்.

நீ மேற்படிப்புக்காகக் கடல் கடந்த பிறகு அவள் அதில் ஒரு செடியைப் பேர்த்து வந்து பால்மாத் தகரப் பேணியில் நட்டு, நம் வீட்டுப் பின்புறம் வைத்தாள். உனக்கு அனுப்புவதற்கு என்றாள். செடியை அப்படியெல்லாம் நாடு விட்டு நாடு அனுப்ப முடியாது என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு கிழமைக்குள் அது தலை சாய்ந்தது. ஈரச்சாக்கு சுற்றினாள், நிழலுக்கு மாற்றினாள். பிறகு ஒரு காலையில் பேணியோடு தூக்கிக்கொண்டு போய் அதே பாறை இடுக்கில் செருகிவிட்டு வந்தாள். "அதுக்கு அந்த எடந்தான் வேணுமாம். சொல்லிட்டுது" என்றாள். இதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. உன் ஆய்வுக்கு உதவுமா தெரியாது, எழுதி வைக்கிறேன்.

பொறுமையற்றது என்ற பெயரை இப்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பீலிக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அலுவலர்கள் வந்து பார்த்தார்கள். இங்கே இருக்காதீர்கள் என்றார்கள். எங்கே இருப்பது என்று சொல்லவில்லை. வீடு வரும் என்றார்கள், அடிக்கல் நட்டார்கள், அடுத்த தேர்தலில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல்லை நட்டார்கள். மழை வலுத்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்குவதும், வெயில் வந்ததும் ஏறுவதும் பத்துக்காம்பராவில் பழகிப்போன வேலை. அங்கே பொறுமையற்று இருந்தது அந்தச் செடி ஒன்றுதான். கடைசியில் மலையும்.

அந்தக் காலையை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. நீ வந்து நின்ற நாள்களில் நீயும் கேட்கவில்லை. ஆள் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு அன்று இல்லை; மழை அவ்வளவு. உன் அம்மா குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "அக்காவக் கூட்டிட்டு வந்துர்றேன். காலு வீங்கிக் கெடக்கு, தனியா எறங்க மாட்டா. உலையில அரிசி கெடக்கு, பாத்துக்கங்க" என்றாள். நான் அரிசியைப் பார்த்துக்கொண்டேன். சோறு வெந்து இறக்கும் வேளையில் ஓர் ஒலி கேட்டது. பாரவண்டி கல்லைக் கொட்டுவது போன்ற ஒலி. ஆனால் அது நிற்கவில்லை. வெளியே வந்தபோது பள்ளத்துக்கு அப்பால் புகைபோல ஏதோ எழுந்தது. அது விலகியபோது கூரை இல்லை, பாறை இல்லை, பீலி இல்லை. செம்மண் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஈரமாக இருந்தது. அந்தச் சோற்றை என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

தொலைபேசியில் பதுளை இடர்மீட்பு அலுவலகத்தை அழைத்தேன். மறுமுனையில் ஒரு தமிழ்ப் பையன். எந்த இடம் என்று கேட்டான். மேடையிலும் மடலிலும் வகுப்பிலும் செந்தமிழ்க்குன்று என்று மட்டுமே சொல்லிப் பழகிய என் வாய், "பத்துக்காம்பரா" என்றது. நான் எண்ணிச் சொல்லவில்லை. "பத்துக்காம்பராவா? பள்ளிக்கொடத்துக்கு எதுக்க உள்ளதா? வைங்க சேர், வர்றாங்க" என்றான். வந்தார்கள். படையினர் வந்தார்கள், மண்வாரி எந்திரங்கள் வந்தன. கீழ்ப்பகுதியில் சிலரைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு, மேலும் தோண்டினால் மலை இன்னும் இறங்கும் என்று நிறுத்தினார்கள். அந்த மண்ணையே இடுகாடாக அறிவித்துப் பூ வைத்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

வளைவு தப்பிவிட்டது. மண் அதற்குச் சில அடி அப்பால் திரும்பிப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. செய்தியாளர்கள் வந்து இறங்கிய இடம் வீதித் திருப்பம். முதலில் கண்ணில் பட்டது வளைவு. செந்தமிழ்க்குன்று என்ற சிவப்பெழுத்தையும் அதன் வழியே தெரியும் வெறும் மண்ணையும் சேர்த்துப் படமெடுத்தார்கள். அன்று மாலையே எல்லா மொழிச் செய்தியிலும் அந்தப் பெயர் வந்தது. சிங்களத்தில் திருத்தமாகச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் சற்றுத் தடுமாறிச் சொன்னார்கள். அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவரும் சொல்லாத பெயரை அவர்கள் போன பிறகு நாடே சொன்னது. நீ அயல்நாட்டில் இருந்து பார்த்ததும் அதைத்தான். ஆகவே உலகுக்குச் சொல்ல வேண்டிய பெயர் அதுவே என்று உனக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அப்பா வைத்த பெயர் ஒரு வழியாக நிலைத்துவிட்டது என்றும் நீ எண்ணியிருப்பாய். எனக்குப் பெருமை சேர்க்கவே கேட்டாய் என்பதை அறிவேன். அந்தப் பெயருக்கு எழுந்த வளைவு நிற்கிறது. அதன் வழியே நுழைந்து போக ஓர் ஊர் இல்லை. பெயர் பெற்றது அந்த வளைவுதான் என்று இப்போது படுகிறது.

எஞ்சியவர்களை நம் பள்ளியில்தான் தங்கவைத்தார்கள். நான் கரும்பலகையில் பாடம் எழுதிய வகுப்பறையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். ஓர் இளம் அலுவலர், சிங்களப் பெண், தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அன்று காலை தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலைக்கு நின்றதால் தப்பிய செல்லையா பெரியப்பாதான் முதலில் இருந்தார். ஊர் செந்தமிழ்க்குன்றுதானே என்று அந்தப் பெண் கேட்டார். பெரியப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

"அது மாஸ்டர் வச்ச பேருங்கம்மா. வளைவுக்கு வச்சது. நாங்க இருந்தது பத்துக்காம்பரா."

அவர் அதில் எள்ளல் எதையும் சேர்க்கவில்லை. பின்னால் இருந்தவர்களும் கேட்காமலே அதையே சொன்னார்கள். என் முறை வந்தது. நான் பள்ளிப் பக்கத்து வீட்டுக்காரன் என்பதால், உங்கள் மனைவி அப்போது எங்கே இருந்தார் என்று அந்தப் பெண் கேட்டார். பத்துக்காம்பராவில் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

கருமாதியன்று என்னைப் பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கியின் முன் நின்றேன். எதிரே அத்தனை முகங்களும் நான் ஏதாவது சொல்லித் தங்களை அழவைப்பேன் என்று காத்திருந்தன. சொற்கள் இருந்தன, அடுக்கு அடுக்காக, எதுகையோடு இருந்தன. அவற்றைச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. வணக்கம் சொல்லி இறங்கிவிட்டேன். நீ என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாய். உன் கையும் குளிர்ந்திருந்தது. நீயும் அழவில்லை. விமான நிலையத்திலிருந்து அழைத்தபோது, அழுகை வராமல் இருப்பது பிழையா என்று என்னிடம் கேட்டாய். நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன். பிழையன்று. பனிக்காலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கு விரல் மரத்துப்போகும். அதற்காக அவர்கள் கையை நிறுத்துவதில்லை. வெயில் ஏறும்போது உணர்ச்சி தானே திரும்பும், திரும்பும்போது வலிக்கும். அதுவரை வேலையைச் செய். வேளைக்கு உண். அந்த வெளிறிய பூவை வரை. நானும் காலையில் எழுந்து உலையேற்றுகிறேன். இரண்டு பேருக்குரிய அரிசியைப் போட்டுவிடுகிறேன். அது கை செய்வது. மிஞ்சியதைக் கோழிகளுக்கு வைக்கிறேன்.

சென்ற திங்கள் நாம் தொலைபேசியில் பேசியபோது, எனக்கு வேறெதுவும் பேச வராமல், காம்பரா என்ற சொல் இலத்தீனில் உண்டா என்று உன்னைக் கேட்டேன். நீ தேடிச் சொன்னாய். வளைந்த கூரை, வளைந்த கூரையுள்ள அறை என்பது அதன் பழம்பொருள். கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கும், அங்கிருந்து போர்த்துக்கேயத்துக்கும் வந்திருக்கிறது என்றாய். அதற்கு அப்பால் உள்ள வழி எனக்குத் தெரியும். கப்பலில் நம் கரைக்கு வந்தது. கரையிலிருந்து மலைக்கு ஏறியது. ஓர் அறையில் இரண்டு குடும்பம் என்று அடைக்கப்பட்டவர்கள் அதைத் தங்கள் வாயில் போட்டுக்கொண்டார்கள். அதற்குள் பிள்ளை பெற்றார்கள், சண்டையிட்டார்கள், சாமி படம் மாட்டினார்கள். அந்நியச் சொல் என்று நான் துரத்திய ஆண்டுகளிலெல்லாம் அது அவர்களோடு குடியிருந்தது. கடல் கடந்து வந்து குடியேறிய மக்களை வெளியூர்க்காரர் என்று சொன்னவர்களோடு வாழ்நாள் முழுவதும் வாதாடியவன் நான். கடல் கடந்து வந்து குடியேறிய ஒரு சொல்லை அதே கூற்றைச் சொல்லித்தான் வெளியேற்றப் பார்த்தேன் என்பதை உன் அம்மா அறிந்திருந்தாள் என்று நினைக்கிறேன். அறிந்துதான் அதை என் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகவே மகளே, பெயர் பத்துக்காம்பரா. அதை இலத்தீனில் பத்துக்காம்பரென்சிசு என்று ஆக்கலாம் என்று நீ ஒருமுறை விளையாட்டாகச் சொன்னாய், அதையே எழுது. இதை முடிவு செய்யும் உரிமை எனக்கு மட்டும் இல்லை என்பதால், செல்லையா பெரியப்பா மொனராகலையில் உள்ள மகன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று பேருந்துத் தரிப்பிடத்தில் வைத்து அவரிடம் கேட்டேன். செடியின் கதையையும் பெயரையும் விளக்கினேன். அவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"நம்ம லயத்துப் பேருக்குப் பின்னால சிசு போட்டா, வெள்ளக்காரனுக்கு வெளங்கிருமா?"

"விளங்கும். உலகத்தில் எங்கே படிப்பவருக்கும் விளங்கும்."

"வளைவுக்கு வச்ச பேரு வேணாங்கிறீங்களா, மாஸ்டர்?"

"வேண்டாம்."

அவர் வளைவைத் திரும்பிப் பார்த்தார். "அங்க வெயிலாம். கம்பளி தேவப்படாதுன்னு மகன் சொல்றான். எதுக்கும் எடுத்து வச்சிருக்கேன்" என்றார். பேருந்து வந்தது. ஏறும்போது படியில் நின்று திரும்பி, "மலருகிட்டச் சொல்லுங்க, பத்துங்கிறத விட்டுறாம எழுதச் சொல்லுங்க" என்றார். அதையும் உனக்குச் சொல்லிவிட்டேன். விட்டுவிடாதே.

உனக்கு அறிவுரை என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்வேன். இனியும் பல செடிகளுக்கு நீ பெயர் வைப்பாய். பெரு நாட்டில் வளராத செடிக்குப் பெரு என்று பெயரிட்டார்கள், கப்பலின் பெயரை ஊரின் பெயரென்று எண்ணினார்கள் என்றொரு கதையை நீதான் எனக்குச் சொன்னாய். வளைவைப் படித்துவிட்டுப் பெயர் வைக்காதே. அந்த இடத்தில் இறங்க வேண்டியவர் பேருந்தில் என்ன சொல்லி இறங்குகிறார் என்று கேட்டு வை.

செடி எஞ்சியிருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கேட்கத் தயங்குகிறாய் என்று தெரிகிறது. சென்ற கிழமை, தடுத்துக் கட்டிய கயிற்றைத் தாண்டி, மண்ணின் விளிம்பு வரை போனேன். பீலிக்கு வந்த நீர் வேறு வழி கண்டுபிடித்து, உடைந்த பாறைகளுக்கிடையே இறங்குகிறது. அங்கங்கே பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது. எனக்கு அவற்றின் பெயர் தெரியாது. உன் அம்மாவாக இருந்தால் தொட்டுப் பார்த்திருப்பாள். நான் தொடவில்லை. நீ வரும்போது பார்த்துக்கொள்.

கடைசியாக, நீ அடியில் எழுதிய அந்த ஒரு வரி. அம்மாவின் பெயரை வைக்க வேண்டாம் என்றதை நீ தவறாக எண்ணிக்கொள்ளாதே. ஊர்ப்பெயருக்குப் பின்னால் சேர்க்கும் அந்த இலத்தீன் ஒட்டுக்கு, அந்த இடத்தில் வாழ்வது என்று பொருள் என்றாய். அந்தச் செடி அழிந்துபோனால், அந்த இடமே இல்லாமற்போனால் பெயரை மாற்றுவார்களா என்று கேட்டேன். "மாத்த மாட்டாங்கப்பா. அங்க வாழ்றதுன்னேதான் இருக்கும்" என்றாய். அவள் அக்காவை அழைத்துவரப் போனாள், கிடைக்கவில்லை, தேடுவதை நிறுத்தினார்கள். அந்த இளம் அலுவலர் எழுதிக்கொண்டதற்குப் பிறகு உன் அம்மாவுக்கு வேறு முகவரியை எவரும் எழுதவில்லை. பத்துக்காம்பராவில் வாழ்வது என்று நீ எழுதும்போது அவளையும் சேர்த்தே எழுதுகிறாய். தனியாக ஒரு பெயர் அவளுக்குத் தேவையில்லை.

பத்துக்காம்பராவுக்கு எதிர்ச்சரிவிலிருந்து,
உன் அப்பா